சொந்தத் தோட்டம் இல்லாதவர் வரைந்த தோட்டங்கள்: வான்கோவின் செடிகொடிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வான்கோ என்றதும் சூரியகாந்தி, நட்சத்திர இரவு, அப்புறம் அந்தக் காது. பெரும்பாலும் பேச்சு இந்த மூன்றோடு முடிந்துவிடும். ஆனால் அவருடைய படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் திரும்பத் திரும்ப ஒரு தோட்டம் வந்து நிற்கும். யாரும் வெட்டாத புல், மரத்தில் ஏறிய ஐவிக் கொடி, ஆளில்லாத கல் பெஞ்சு, அறுத்துப் போட்ட பைன் மரம். அந்தப் படங்களைப் பற்றி நண்பர்கள் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

வான்கோவுக்குச் சொந்தமாகத் தோட்டம் இருந்ததா?

ஒரு சாண் கூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தோட்ட ஓவியம் என்றாலே நமக்கு க்ளோத் மோனே ஞாபகம்தான் வரும். மோனே 1883-இல் ஜிவெர்னியில் குடியேறி, குளம் வெட்டி, அல்லி வளர்த்து, சம்பளத்துக்குத் தோட்டக்காரர்களை வைத்து, தான் வரையப்போகும் காட்சியைத் தானே நட்டு உண்டாக்கியவர். வான்கோ வரைந்ததெல்லாம் அடுத்தவர் தோட்டம். பாதிரியாராக இருந்த அப்பாவுக்குத் திருச்சபை கொடுத்த வீட்டின் தோட்டம், தென் பிரான்சின் ஆர்ல் ஊரின் பொதுப்பூங்கா, மருத்துவமனை முற்றம், மனநல விடுதியின் வளாகம், ஒரு டாக்டர் வீட்டுக் கொல்லை, இறந்துபோன ஓவியர் ஒருவரின் மனைவி குடியிருந்த வீடு. எதிலும் அவர் எதையும் நடவில்லை, கத்தரிக்கவும் இல்லை.

அவருடைய தோட்டப் படங்களின் குணமே இதிலிருந்துதான் வருகிறது என்பது என் கட்சி. நட்டு வளர்த்தவர் கண் நேராகப் பூவுக்குப் போகும். இரவல் தோட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் களையும் படும், மொட்டை மரமும் படும்.

அவரை ‘போஸ்ட்-இம்ப்ரெஷனிஸ்ட்’ என்கிறார்களே, அப்படியென்றால்?

அவர் காதில் விழாத சொல் அது. 1910-இல் லண்டனின் கிராஃப்டன் காட்சிக்கூடத்தில் ரோஜர் ஃப்ரை நடத்திய கண்காட்சியின் தலைப்பிலிருந்து புழக்கத்துக்கு வந்தது. வான்கோ இறந்து அப்போது இருபது வருடம். மோனே தலைமுறை, கண்ணில் விழும் வெளிச்சத்தை அப்படியே பிடிக்கப் பார்த்தது. அவர்களுக்குப் பின்னால் வந்த செசான், கோகன், சூரா, வான்கோ போன்றவர்கள் அந்தப் பிரகாசமான வண்ணங்களை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போனார்கள். இதற்கு மேல் இந்தச் சொல்லைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை.

சூரியகாந்திக்கு முன்னால் அவர் தோட்டம் வரைந்திருக்கிறாரா?

வரைந்திருக்கிறார். நெதர்லாந்தின் நியூனன் கிராமத்தில், அப்பா அம்மாவோடு இருந்தபோது. 1884-இல் அந்த வீட்டுத் தோட்டத்தைப் பேனாவால் பல முறை வரைந்தார். குளிர்காலம், இலை உதிர்ந்த கிளைகள், எல்லாம் கறுப்புக் கோடுகள். அதே ஆண்டு வரைந்த சின்ன எண்ணெய் வண்ணப் படம் ஒன்றும் உண்டு: வசந்த காலத்தில் அதே தோட்டம், இருண்ட உடையில் ஒரு பெண், தூரத்தில் பாழடைந்த தேவாலயக் கோபுரம். வசந்தம் என்று பெயர்தான், வண்ணமெல்லாம் மண் நிறம்.

இந்தப் படத்துக்குத் தனியாக ஒரு கதை இருக்கிறது. குரோனிங்கன் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. லாரன் ஊரின் சிங்கர் அருங்காட்சியகத்துக்கு இரவலாகப் போயிருந்தபோது, கொரோனா பூட்டுக் காலத்தில், 2020 மார்ச் 30 அதிகாலை திருடுபோனது. அன்று வான்கோவின் பிறந்தநாள். 2023 செப்டம்பரில் கலைத் துப்பறிவாளர் ஆர்தர் பிராண்ட் கைக்கு அது திரும்பி வந்தது. எதில் வைத்து? ஐகியா கடையின் நீலப் பையில்.

1886-இல் பாரிஸ் போனதும் அந்த மண் நிறமெல்லாம் கழன்றுவிடுகிறது. காசு கொடுத்து மாடல்களை உட்கார வைக்க வழியில்லாமல் பூங்கொத்துகளை வரைந்து வண்ணம் பழகினார். சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு ஊதா என்று எதிர் நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அரக்குப் பூசிய ஒரு பெட்டியில் பல நிறக் கம்பளி நூலை உருண்டைகளாகச் சுற்றி வைத்திருந்தார். எந்த நிறம் எதோடு நின்றால் எடுக்கும் என்று நூலை வைத்தே பார்த்துக்கொள்ளலாம், வண்ணம் வீணாகாது. அந்தப் பெட்டி ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய படங்களைவிட அந்த நூல் உருண்டைகள் என்னை அதிகம் கவர்ந்தன என்றால் சிரிக்கக் கூடாது.

ஜப்பான் ஓவியங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. அவரும் தம்பி தியோவும் பாரிஸில் ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப் படங்களை நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்தார்கள். ஹிரோஷிகேயின் பூத்த பிளம் தோட்டத்தை 1887-இல் எண்ணெய் வண்ணத்தில் பார்த்தே வரைந்தார். முன்னால் ஒரு பெரிய கிளை குறுக்கே ஓட, மற்றதெல்லாம் பின்னால் தள்ளி நிற்கும் அமைப்பு அது. செடிக்கு அவ்வளவு கிட்டப் போகலாம், சட்டத்தின் ஓரத்தில் இலையை வெட்டிவிடலாம் என்ற துணிச்சல் அங்கிருந்து வந்தது.

1888 செப்டம்பரில் ஆர்லில் இருந்து தியோவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொல்வதன் சாரம் இது: அறிவாளியான ஒரு ஜப்பானியர் தன் காலத்தை எதில் செலவிடுகிறார்? பூமிக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தை அளப்பதிலா? இல்லை, ஒரே ஒரு புல்லின் தாளை ஆராய்வதில். அந்தப் புல் அவரை எல்லாச் செடிகளுக்கும் கூட்டிப் போகிறது, பிறகு பருவங்களுக்கு, நிலக்காட்சிக்கு, விலங்குகளுக்கு, கடைசியில் மனித உருவத்துக்கு.

ஜப்பானியர்கள் உண்மையில் அப்படித்தான் வாழ்ந்தார்களா என்பது வேறு விஷயம். அவர் ஜப்பானைப் பார்த்ததே இல்லை. ஆனால் எட்டு மாதம் கழித்து ஒரு மனநல விடுதியின் மதில் சுவருக்குள் போனபோது அந்த வரி அவருக்குக் கைகொடுத்தது.

ஆர்லில் அவர் வரைந்த ‘கவியின் தோட்டம்’ எங்கே இருந்தது?

அவர் குடியிருந்த மஞ்சள் வீட்டுக்கு எதிரே, லமார்தின் சதுக்கத்தில். பெயரைக் கேட்டுப் பெரிதாக நினைக்க வேண்டாம், ஊர்ப் பொதுப்பூங்காதான். பழைய கவி பெத்ரார்க் பக்கத்து அவிஞ்ஞோனில் வாழ்ந்தவர் என்பதால், இந்தப் புதர்களுக்கு நடுவே அவர் நடந்திருப்பார் போலத் தோன்றுகிறது என்று கற்பனை செய்துகொண்டார். கோகன் வந்து தங்கப்போகும் அறையில் மாட்டத்தான் அந்தப் படங்களை வரைந்தார். அவற்றில் ஒன்று சிகாகோ கலைக்கழகத்தில் இருக்கிறது.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு பழைய சிநேகிதி உண்டு: அரளி. பூங்காவின் அரளிப் புதர்களைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால் சிரிப்பு வரும். பைத்தியம் பிடித்தாற்போலப் பூக்கின்றன, இந்த வேகத்தில் போனால் அவற்றுக்குக் கைகால் தடுமாறும் நரம்பு நோய் வந்துவிடும் என்கிறார். புதுப்பூவும் வாடிய பூவும் ஒன்றாகத் தொங்க, புதிய தளிர் ஓயாமல் பீறிட்டுக்கொண்டே இருக்கிறதாம். அரளிச்செடி பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு சரியென்று தெரியும்.

மருத்துவமனையிலும் தோட்டம் வரைந்தாரா?

காதை அறுத்துக்கொண்ட 1888 டிசம்பர் 23 சம்பவத்துக்குப் பிறகு ஆர்ல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அடுத்த ஏப்ரலில் அதன் நடுமுற்றத்தை மேல்மாடி நடைவழியிலிருந்து பார்த்து வரைந்தார். தங்கை வில்லுக்கு எழுதிய கடிதத்தில் அதை வார்த்தையாலும் வரைந்திருக்கிறார். நடுவில் குளம், எட்டுப் பாத்திகள், அனிமோனி, டெய்சி, வேறு பூக்கள், நடைவழிக்குக் கீழே ஆரஞ்சு மரங்களும் அரளியும். மூன்று கறுத்த, சோகமான அடிமரங்கள் பாம்பு போலக் குறுக்கே போகின்றன. முன்னால் இருண்ட புதர்கள் நான்கு. அதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறார்: இங்குள்ளவர்களுக்கு இந்தப் படத்தில் பெரிதாக எதுவும் தெரியாமல் போகலாம், ஆனால் ஓவியத்தின் கலைப்பக்கம் தெரியாதவர்களுக்காக வரைய வேண்டும் என்பதுதான் எப்போதும் என் ஆசை.

சேன் ரெமி மனநல விடுதியில் அவர் ஏன் தோட்டத்தையே வரைந்துகொண்டிருந்தார்?

வெளியே விடவில்லை, அதனால்தான். 1889 மே 8 அன்று தானாகவே போய் அங்கே சேர்ந்தார். சேன்-போல்-த-மோசோல் என்பது பழைய மடாலயக் கட்டடம். டாக்டர் பெய்ரோன் பொறுப்பில் இருந்தது. காலி அறைகள் நிறைய இருந்ததால் படுக்க ஒன்று, வரைய ஒன்று என்று இரண்டு அறை கிடைத்தது. முதல் சில வாரங்கள் மதிலுக்கு வெளியே போக அனுமதி இல்லை. உள்ளே இருந்தது ஒரு தோட்டம்.

அதன் நிலைமையை அவரே தியோவுக்கு எழுதுகிறார்: கவனிப்பாரற்ற தோட்டம், உயரமான பைன் மரங்கள், அடியில் ஒழுங்காகப் பராமரிக்காத நெடும்புல், அதில் கலந்து பலவகைக் களைகள். எனக்கு வேண்டிய வேலை இதிலேயே இருக்கிறது, இன்னும் வெளியே போகவில்லை. இன்னொரு கடிதத்தில், வாழ்க்கை பெரும்பாலும் தோட்டத்திலேயே நடக்கிறது என்பதைப் பார்த்தால் நிலைமை அவ்வளவு சோகமில்லை என்று தெரியும் என்கிறார்.

ஒரு வருடம், எட்டு நாள் இருந்தார். ஏறக்குறைய 150 ஓவியங்கள். நட்சத்திர இரவும் அதில் ஒன்றுதான். ஆனால் போன உடனே கையில் எடுத்தவை இரண்டு: தோட்டத்து ஊதா ஐரிஸ் பூக்கள், ஒரு லைலாக் புதர்.

‘ஐரிஸ்’ படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

கிட்டப் போய்ப் பார்ப்போம். முதலில், வானம் இல்லை. தொடுவானக் கோடும் இல்லை. ஓவியர் நிற்கவில்லை, தரையில் குந்தியிருக்கிறார் என்று தோன்றும் உயரம். கீழே இடது மூலையில் செம்மண். அதிலிருந்து வாள் வாளாக நீலப்பச்சை இலைகள் எழுகின்றன, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வளைந்து, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு. பூக்கள் ஒன்றுபோல் ஒன்றில்லை. ஒன்று முழுக்க விரிந்தது, ஒன்று இதழ் தொங்கிப்போனது, ஒன்று மொட்டு. ஒவ்வொன்றுக்கும் இருண்ட நிறத்தில் விளிம்புக்கோடு இருக்கிறது, ஜப்பான் அச்சுப் படத்தில் இருப்பது போல. பின்னால் மேல் இடது பக்கம் ஆரஞ்சு நிறப் பூக்கள் கூட்டமாக நிற்கின்றன. நீலத்தைத் தூக்கிக் கொடுப்பதற்கென்றே நிற்பவை. அப்புறம் நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம், அத்தனை ஊதாவுக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளைப் பூ.

அந்த வெள்ளைப் பூ வான்கோவின் தனிமை என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பாத்தியில் ஒரு வெள்ளைச் செடி இருந்திருக்கும், வரைந்திருப்பார். படத்துக்கு அது செய்யும் வேலை பெரிது: கண் அங்கே போய்க் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொண்டு மறுபடி ஊதாவுக்குள் நுழைகிறது.

அவர் இதை முழு ஓவியமாகக் கூட நினைக்கவில்லை, பயிற்சிப் படம் என்றுதான் சொன்னார். தியோவுக்கு வேறு கருத்து. 1889 செப்டம்பரில் பாரிஸில் சுயேச்சை ஓவியர்கள் கண்காட்சிக்கு இதை அனுப்பிவைத்தார். காற்றும் உயிரும் நிறைந்த படம், தூரத்திலிருந்தே கண்ணைப் பிடிக்கிறது என்று அண்ணனுக்கு எழுதினார். முதலில் வாங்கியவர் எழுத்தாளர் ஒக்தாவ் மிர்போ. விலை 300 ஃபிராங்க். 1987-இல் நியூயார்க் ஏலத்தில் அது 5 கோடியே 39 லட்சம் டாலருக்குப் போனது. உலகிலேயே அதிக விலைக்கு விற்ற ஓவியமாகச் சில வருடம் இருந்தது. ஏலம் எடுத்தவரால் பணத்தை முழுசாகக் கட்ட முடியவில்லை. 1990-இல் லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது.

நீங்கள் ஊதா என்கிறீர்கள், படத்தில் எல்லாப் பூவும் நீலமாக இருக்கிறதே?

நல்ல கேள்வி. வான்கோ கடிதத்தில் எழுதியது ஊதா என்று. நாம் பார்ப்பது நீலம். இருவரும் சொல்வது சரி.

ஊதா வேண்டுமென்றால் நீலத்தோடு சிவப்பைக் கலக்க வேண்டும். அவர் பயன்படுத்திய சிவப்புகளில் ஒன்று ‘ஜெரேனியம் லேக்’. இயோசின் என்ற சாயத்திலிருந்து செய்தது. பளிச்சென்று இருக்கும், வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். துணியில் சாயம் போவது மாதிரிதான். நூற்று முப்பது வருடத்தில் சிவப்பு போய்விட்டது, நீலம் மட்டும் தங்கிவிட்டது. கெட்டியின் ஆய்வாளர்கள் படத்தைப் பரிசோதித்து இதை உறுதிசெய்தார்கள். 2024-இல் இதை வைத்தே ஒரு கண்காட்சி நடத்தினார்கள்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் 1890 மே மாதம் வரைந்த ஐரிஸ் பூச்சாடி இருக்கிறது. பின்னணி இளஞ்சிவப்பு என்று கடிதம் சொல்கிறது. இன்று அது கிட்டத்தட்ட வெள்ளைச் சுவர். அதே மாதம் வரைந்த ரோஜாக்களும் இளஞ்சிவப்பாக இருந்து வெள்ளையானவை.

அவருக்குத் தெரியாமல் நடந்ததா? இல்லை. 1888 ஏப்ரலிலேயே தியோவிடம் சொல்லியிருக்கிறார்: இப்போது புழக்கத்தில் உள்ள வண்ணங்கள் நிலைக்காதவை, அதனாலேயே அவற்றைத் துணிந்து அப்பட்டமாகப் பூச வேண்டும், காலம் எப்படியும் தணித்துவிடும். கணக்குப் போட்டுத்தான் பூசியிருக்கிறார். காலம் தணித்தது அவர் கணக்கைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம் நேரில் உட்கார்ந்து வரைந்தாரா, அறைக்குள் நினைவிலிருந்தா?

பெரும்பாலும் நேரில். சாட்சி வண்ணத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘ஐரிஸ்’ படத்தின் வண்ணத்துக்குள் ஒரு குடைப் பைன் மரத்தின் மகரந்தக் கூம்பைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மரத்தடியில் வரையும்போது விழுந்திருக்கிறது, அவர் எடுத்துப் போடவில்லை. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் உள்ள ஆலிவ் மரங்கள் படத்தில் ஒரு வெட்டுக்கிளியின் மிச்சம் இருந்தது. 2017-இல் வெளியில் சொன்னார்கள். காற்று, தூசி, பூச்சி எல்லாமே அவர் எழுதிய கடிதங்களில் புலம்பலாக வருபவைதான்.

தோட்டத்துத் தரையை மட்டும் வரைந்த படங்கள் உண்டாமே?

உண்டு. எனக்கு மிகப் பிடித்தவை அவைதான், பலர் தாண்டிப் போய்விடுபவையும் அவைதான். ‘ஐவி படர்ந்த மரத்தடி’, 1889 ஜூலை, ஆம்ஸ்டர்டாம். முக்கால் படம் தரை. ஐவி தரையை மூடி, அப்படியே மரங்களில் ஏறியிருக்கிறது. இலைகளின் சந்து வழியே வெயில் துண்டு துண்டாக விழுகிறது. ஓர் இலையும் இலை வடிவத்தில் இல்லை, சின்னச் சின்னப் பொட்டுகள். பச்சை, மஞ்சள்பச்சை, நீலம், கொஞ்சம் கறுப்பு. இரண்டடி தள்ளி நின்றால் குளிர்ந்த நிழல் முகத்தில் படும்.

இதற்கு முன்பு அதே இடத்தை வரைந்ததைப் பற்றி எழுதும்போது, ஐவி மூடிய பருத்த மரங்கள், தரையில் ஐவியும் வின்காவும், குளிர்ந்த நிழலில் ஒரு கல் பெஞ்சு, வெளிறிய ரோஜாப் புதர் என்கிறார். வின்கா நம் ஊர் நித்தியகல்யாணிக்கு ஒன்றுவிட்ட உறவு. காதலர்களுக்கான பசுமைக் கூடு என்று அந்த இடத்துக்குப் பெயரும் வைக்கிறார். உண்மையில் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் நோயாளிகள்.

லண்டன் தேசிய காட்சிக்கூடத்தில் 1890-இல் வரைந்த ‘நெடும்புல்லும் வண்ணத்துப்பூச்சிகளும்’ இருக்கிறது. பாதை ஒரு கீற்றாக மேலே ஒதுங்கிவிடுகிறது, மற்றதெல்லாம் புல்தான். வண்ணத்துப்பூச்சியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். யாராவது மாதம் ஒரு முறை புல் வெட்டியிருந்தால் இந்தப் படம் நமக்குக் கிடைத்திருக்காது.

புல்லையும் இலையையும் வேறுபடுத்திக் காட்ட அவர் என்ன செய்தார்?

ஒவ்வொரு செடிக்கும் ஒரு கையெழுத்து. இதை அவர் எண்ணெய் வண்ணத்தில் கற்றதைவிட நாணல் பேனாவில் கற்றார் என்று சொல்லலாம். ஆர்லைச் சுற்றி வளரும் நாணலைச் சீவி, இங்க்கில் தொட்டு வரைவார். அது நிறைய இங்க் பிடிக்காது. நான்கு கோடு போட்டால் தீர்ந்துவிடும், மறுபடி தொட வேண்டும். அதனால் கோடுகள் தானாகவே குட்டையாகின்றன: புள்ளி, கொக்கி, காற்புள்ளி, சாய்ந்த கோடு. புல்லுக்குச் செங்குத்துக் கீறல்கள், பூப்பாத்திக்குப் புள்ளிகள், சைப்ரஸ் மரத்துக்குச் சுழன்று ஏறும் சுருள். அவருடைய நாணல் பேனா ஓவியங்களைப் பார்த்துவிட்டு எண்ணெய் ஓவியத்துக்கு வந்தால், தூரிகையும் அதே எழுத்துகளைத்தான் எழுதிக்கொண்டிருப்பது தெரியும், தடித்த வண்ணத்தில்.

அந்துப்பூச்சி ஒன்றையும் வரைந்தாராமே?

ஆமாம், 1889 மே மாதம், அதே தோட்டத்தில். மிகப் பெரிய, அரிதான இரவுப்பூச்சி. மண்டையோட்டு அந்து என்று நினைத்தார், உண்மையில் அது பெரிய மயிற்கண் அந்து. வண்ணத்தில் வரைய வேண்டுமானால் அதைக் கொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவு அழகான பிராணியைக் கொல்வது பாவம் என்று கோட்டோவியமாக மட்டும் வரைந்து விட்டுவிட்டார். அந்தக் கோட்டோவியத்தை வைத்துப் பிறகு எண்ணெயில் வரைந்த படம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது.

அறுபட்ட மரம் நிற்கும் படத்தைப் பற்றிச் சொல்லுங்களேன்.

‘விடுதித் தோட்டம்’, 1889-இன் பிற்பகுதி. இரண்டு பிரதிகள்: ஒன்று ஆம்ஸ்டர்டாமில், ஒன்று ஜெர்மனியின் எஸன் நகரில். இதைப் பற்றி நண்பர் எமில் பெர்னாருக்கு நவம்பரில் எழுதிய கடிதம் இல்லாவிட்டால் நாம் சாதாரணமாகத் தாண்டிப் போயிருப்போம்.

முன்னால் ஒரு பெரிய மரம். இடி விழுந்து, பிறகு அறுத்துவிட்டார்கள். ஆனால் பக்கக் கிளை ஒன்று மிக உயரமாக ஏறி, கரும்பச்சை ஊசியிலைகளை அருவி போலக் கொட்டுகிறது. தோற்றுப்போன கர்வி மாதிரி நிற்கிறது அந்த இருண்ட பூதம். எதிரே வாடிக்கொண்டிருக்கும் புதரில் கடைசி ரோஜா வெளிறிச் சிரிக்கிறது. காலியான கல் பெஞ்சுகள். மழை பெய்து தேங்கிய தண்ணீரில் வானம் மஞ்சளாகத் தெரிகிறது. மரங்களுக்கு இடையே சின்னச் சின்னக் கறுத்த உருவங்கள் அலைகின்றன.

பிறகு வண்ணத்துக்கு வருகிறார். செங்காவி, சாம்பல் கலந்து சோகமாக்கிய பச்சை, விளிம்புகளில் கறுப்புக் கோடு. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு வேதனை உண்டாகிறது, என்னோடு இருக்கும் சில துரதிர்ஷ்டசாலிகள் அடிக்கடி அனுபவிப்பது அது என்கிறார்.

இதை பெர்னாருக்கு எழுதக் காரணம் உண்டு. பெர்னாரும் கோகனும் அப்போது பைபிளில் வரும் கெத்செமனே தோட்டத்தில் கிறிஸ்து படும் வேதனையை வரைந்துகொண்டிருந்தார்கள். வான்கோவுக்கு அது பிடிக்கவில்லை. ஆர்லில் அவரே இரண்டு முறை அந்தக் காட்சியை முயன்று, இரண்டு முறையும் சுரண்டிப் போட்டவர். வேதனையைக் காட்ட நேராக அந்தப் பழைய தோட்டத்துக்குப் போக வேண்டியதில்லை, கண்முன் இருக்கும் தோட்டம் போதும் என்பது அவர் வாதம். ஒரு பைன் மரமும் ஒரு ரோஜாவும் போதும்.

அப்படியானால் இவை பைத்திய நிலையில் வரைந்த படங்கள்தானே?

இல்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் கோபமாகவே பதில் சொல்வேன். 1889 ஜூலையில் வந்த கடுமையான தாக்குதலின்போது அவர் வண்ணத்தையே வாயில் போட்டுக்கொண்டார், அதனால் வண்ணங்களை எடுத்துவைத்துவிட்டார்கள், வாரக்கணக்கில் வரையவில்லை. நோய் வந்தால் வேலை நின்றது. வேலை நடந்தது நோய் விலகியிருந்தபோது. மேலே சொன்ன கடிதத்தைப் படியுங்கள், எந்த நிறத்தோடு எந்த நிறம் ஏன் என்று வாத்தியார் மாதிரி விளக்குகிறார்.

கடைசிக் காலத்தில், ஓவேரில்?

1890 மே 20 அன்று பாரிஸுக்கு வடக்கே உள்ள ஓவேருக்கு வந்தார். அங்கே டாக்டர் காஷே வீட்டுத் தோட்டத்தை வரைந்தார். தெற்கத்திச் செடிகளான கற்றாழை, சைப்ரஸ் எல்லாம் அங்கே இருந்தன. அந்த டாக்டரின் உருவப்படத்திலும் செடி ஒன்று மேசைமேல் இருக்கிறது. இதய நோய்க்கு மருந்தாகும் டிஜிட்டாலிஸ். வைத்தியருக்கு அடையாளம் அதுதான்.

பிறகு தோபின்யியின் தோட்டம். வான்கோ இளவயதிலிருந்து மதித்த ஓவியர். 1878-இல் இறந்துவிட்டார், வீட்டில் அவர் மனைவி இருந்தார். முதலில் சின்னதாக ஒரு படம், கேன்வாஸ் இல்லாததால் கோடுபோட்ட துண்டுத் துணியில். பிறகு ஒரு மீட்டர் அகலத்தில் இரண்டு. ஜூலை 23 அன்று தியோவுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் இதன் பட்டியல் இருக்கிறது: பச்சையும் இளஞ்சிவப்புமாகப் புல், நடுவில் ரோஜாப் பாத்தி, ஊதா இலைகளோடு ஒரு ஹேசல் மரம், லைலாக் வேலி, உருண்டையான மஞ்சள் லிண்டன் மரங்கள், ஒரு பெஞ்சு, மூன்று நாற்காலி, மஞ்சள் தொப்பி போட்ட கறுத்த உருவம், முன்னால் ஒரு கறுப்புப் பூனை. அந்த இரண்டில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உள்ள பிரதியில் பூனை ஓடிக்கொண்டிருக்கிறது. ஜப்பானின் ஹிரோஷிமாவில் உள்ள பிரதியில் அதன்மேல் வண்ணம் பூசி மறைத்திருக்கிறார்கள்.

கடைசி ஓவியம் காகங்கள் பறக்கும் கோதுமை வயல்தானே?

அப்படித்தான் வெகுகாலம் சொன்னார்கள். இப்போது வான்கோ அருங்காட்சியகம் சொல்வது ‘மரவேர்கள்’. தியோவின் மைத்துனர் அந்திரீஸ் போங்கர் எழுதிவைத்த குறிப்பு ஒன்றும் இதற்கு ஆதாரம். வானமில்லை, பூவில்லை. மண் சரிந்த கரையில் நீல நிறத்தில் முறுக்கிய வேர்கள், அவற்றுக்கு நடுவே பச்சைத் தளிர். முதல் பார்வையில் எது வேர், எது அடிமரம், எது மேல், எது கீழ் என்றே புரியாது. 2020-இல் ஒரு பழைய தபால் அட்டையைப் பார்த்து வூட்டர் வான் டெர் வேன் இடத்தைக் கண்டுபிடித்தார். வான்கோ தங்கியிருந்த விடுதியிலிருந்து நடந்துபோகும் தூரம், தோபின்யியின் பெயர் கொண்ட தெருவில். படத்தில் உள்ள பெரிய வேர்களில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. அதைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள்.

அந்தத் தோட்டங்கள் இன்றும் இருக்கின்றனவா?

சேன் ரெமி விடுதி இப்போதும் மனநல மருத்துவமனைதான், ஒரு பகுதியை மட்டும் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறார்கள். ஆர்ல் மருத்துவமனை ஊரின் கலாசார மையமாகிவிட்டது. நடுமுற்றத்தைப் பழையபடி ஆக்கும்போது என்ன நடுவது என்ற கேள்வி வந்தது. படத்தையும் தங்கைக்கு எழுதிய கடிதத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு அதன்படியே பாத்தி கட்டி நட்டிருக்கிறார்கள். நடுவில் குளம், சுற்றிலும் பாத்திகள், மஞ்சள் பூசிய வளைவுகள். மேல்மாடிக்கு ஏறி அவர் நின்ற மூலையில் நின்றால், படத்தின் நகல் ஒன்று பலகையில் வைத்திருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, தோட்டத்தில் என்ன குறைகிறது என்று சொல்கிறார்கள் வருகிறவர்கள்.